வெள்ளிக்கிழமை நான்கு மணிக் குரல்

நான் வேலை செய்த கந்தோரில் எல்லாக் கோப்புகளையும் திறக்கக்கூடியவர்கள் இரண்டே பேர். ஒருவர் நான். மற்றவர் தயாளன்.

இதை வாசிக்கும் உங்களில் சிலர் இப்போது அப்படியான கணினி நிர்வாகியின் கதிரையில் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். கணினியைப் பற்றி என்னைவிட உங்களுக்கு நிறையத் தெரியும். ஆகவே அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. ஒரு மனிதரிடம் எல்லாப் பூட்டுகளின் திறப்புகளையும் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தபோது என்ன நடந்தது என்பதைத்தான் எழுதுகிறேன். அதில் என் பங்கும் இருக்கிறது. அதையும் மறைக்கவில்லை.

கிளிநொச்சியில் இருந்த சிறிய நிறுவனம் அது. காணாமற்போனவர்களின் விபரங்களை அவர்களின் குடும்பங்களிடமிருந்து கேட்டுச் சேர்த்து, தேடிக் கொடுக்க முயல்வது எங்கள் வேலை. ஒவ்வொரு கோப்பிலும் இரண்டு பகுதிகள் உண்டு. முதலாவதில் பெயர், வயது, கடைசியாகக் கண்ட இடம். இரண்டாவதை நாங்கள் அடையாளப் பக்கம் என்று சொல்வோம். குடும்பத்துக்கு மட்டும் தெரிந்தவை அதில் இருக்கும். உடம்பிலுள்ள தழும்பு, வீட்டில் கூப்பிடும் பெயர், வளர்த்த நாயின் பெயர், இப்படி. யாராவது வந்து "உங்கள் மகனை நான் கண்டேன்" என்று சொன்னால், அது உண்மையா பொய்யா என்று பார்க்க எங்களிடம் இருந்த ஒரே சோதனை அந்தப் பக்கம்தான். அது வெளியே போனால் எங்களிடம் எதுவுமே மிஞ்சாது.

அதனால்தான் அந்தப் பக்கத்தை யார், எப்போது திறந்தாலும் இயந்திரம் தானாகவே குறித்து வைக்கும்படி செய்திருந்தோம். அந்தக் குறிப்பை எல்லோரும் லொக் என்றுதான் சொல்வோம். அதை வாரத்துக்கு ஒருமுறை பார்ப்பது தயாளனின் பொறுப்பு. வெள்ளி மாலையில் சேர்வர் அறையில் கோப்புகளுக்குக் காப்புப் பிரதி எடுப்பதும் அவர்தான். வெள்ளிக்கிழமைகளில் நான் மூன்று மணிக்கே வவுனியா பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விடுவேன். அதற்கு வசதியாக அந்த வேலையையும் அவரிடம் தள்ளிவிட்டவள் நான்.

தயாளனுக்கு அப்போது முப்பத்தைந்து, முப்பத்தாறு வயதிருக்கும். துணுக்காயிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். அதிகம் கதைக்கமாட்டார். யாருடைய கணினி நின்றாலும், யாருடைய போன் பழுதானாலும் அவரிடம்தான் போகும். கடவுச்சொல்லை மறந்தவர்கள் எல்லாம் அவரிடம் கேட்டு நினைவுபடுத்திக்கொள்வார்கள். அதைக் கேட்டு நாங்கள் சிரித்திருக்கிறோம். சிரித்திருக்கக் கூடாது.

ஒரு புதன்கிழமை காலை பத்து மணியளவில் லெட்சுமியம்மா வந்தார். ஜெயபுரத்தில் கச்சான், அதாவது நிலக்கடலை, பயிர் செய்கிறவர். அவருடைய தாய் தகப்பன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, காடு வெட்டிக் குடியேறியவர்கள். அவர் பிறந்ததே இங்கேதான். பத்தொன்பது வயதில் காணாமற்போன மகன் ரூபனைத் தேடி எங்களிடம் பதிந்திருந்தார். மாதத்துக்கு ஒருதடவை வந்து "ஏதும் தெரிஞ்சுதோ பிள்ளை?" என்று கேட்டுவிட்டுப் போவார். சில மாதங்களாக வராமல் இருந்தவர், அன்று தலைக்கு எண்ணெய் வைத்து, நல்ல சேலை கட்டி வந்திருந்தார். முகம் தெளிவாக இருந்தது. அந்தத் தெளிவைக் கண்டு நான் சந்தோஷப்பட்டேன்.

"பிள்ளை, என்ரை மகன்ரை பதிவை எடுத்துப்போடுங்கோ. இனித் தேட வேண்டாம்."

"ஏனம்மா, என்ன நடந்தது?"

"அவன் கதைக்கிறான்."

நான் பேனையைக் கீழே வைத்தேன்.

"போன கார்த்திகையிலை இருந்து. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை, நாலு மணிக்கு."

"என்னம்மா கதைக்கிறவர்?"

"கனக்கக் கதைக்கமாட்டான். சாப்பிட்டாச்சே எண்டு கேப்பான். கச்சான் எப்பிடி எண்டு கேப்பான். எங்கை ராசா இருக்கிறாய் எண்டு கேட்டால் பேசாமல் இருப்பான். ஆனால் போனை வைக்கமாட்டான். மூச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்."

"உங்களிட்டை ஏதும் கேட்டவரே?"

"ஒண்டும் கேக்கேல்லை."

"அவர்தான் எண்டு எப்பிடியம்மா தெரியும்?"

லெட்சுமியம்மா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். இதையெல்லாம் கேட்கவேண்டியிருக்கிறதே என்ற பார்வை. "பசுவின்ரை பேரைச் சொன்னவன். வெள்ளைச்சி நிக்கிறாளோ எண்டு கேட்டவன். கால்த் தழும்பையும் சொன்னவன். சைக்கிள் செயின் வெட்டின தழும்பு. வலக்காலிலை இன்னும் இருக்கம்மா எண்டவன்." பிறகு சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். "அது இடக்கால். எத்தினை வருசம் போட்டுது. பிள்ளை மறந்துபோனான்."

அவரை இருக்கச் சொல்லிவிட்டு, தேநீர் கொண்டுவரும்படி சொல்லிவிட்டு, என் மேசைக்குப் போய் ரூபனின் அடையாளப் பக்கத்தைத் திறந்தேன். "வலது கால், முழங்காலுக்குக் கீழே, சைக்கிள் செயின் வெட்டு" என்று இருந்தது. அலுமாரியைத் திறந்து, லெட்சுமியம்மா முதல்நாள் வந்தபோது நாங்கள் கையால் எழுதி எடுத்த படிவத்தைத் தேடிப் பிடித்தேன். அதில் "இடது" என்று வடிவாக எழுதியிருந்தது. கடதாசியிலிருந்து கணினிக்கு ஏற்றும்போது எங்களில் யாரோ விட்ட பிழை. அந்தப் பிழை உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது. அது என் முன்னால் திரையில் எரிந்துகொண்டிருந்தது.

வெளியே அந்தத் தாய் தேநீர் குடிக்கும் சத்தம் கேட்டது. அவருடைய மகனாகக் கதைக்கும் அந்த ஆள், நான் இப்போது பார்த்துக்கொண்டிருக்கும் இதே வரியைப் பார்த்துக்கொண்டுதான் கதைத்திருக்கிறார். என் தோளுக்குப் பின்னால் நின்று யாரோ வாசிப்பதுபோல இருந்தது. திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

லெட்சுமியம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. பதிவை எடுப்பதென்றால் ஒரு படிவம் நிரப்ப வேண்டும், நானே வீட்டுக்குக் கொண்டுவந்து கையெழுத்து வாங்குகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

அடுத்து நான் செய்தது பிழை. நேரே தயாளனிடம் போனேன். வேறு யாரிடம் போவது? கோப்பை யார் திறந்தார்கள் என்று பார்க்கக்கூடியவர் அவர்தான்.

"தயாளன், ஜெயபுரம் லெட்சுமியம்மான்ரை கோப்பை ஆரோ பாத்திருக்கினம் போலை கிடக்கு. லொக்கை எடுத்துத் தாரும்."

"ஓம் அக்கா. பாத்துத் தாறன்," என்றார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அரை மணித்தியாலத்தில் அச்செடுத்த ஒரு தாளைக் கொண்டுவந்து வைத்தார். "ஒருத்தரும் திறக்கேல்லை அக்கா. போன வருசம் பதிஞ்சதுக்குப் பிறகு ஒருத்தருமே தொடேல்லை."

எனக்கு ஆறுதலாக இருந்தது. உண்மையைச் சொல்லுகிறேன், ஒரு நிமிடம் முழுக்க ஆறுதலாக இருந்தது. தாளை மடித்து இழுப்பறையில் வைக்கப் போகும்போதுதான் கை நின்றது.

அன்று காலை அந்தக் கோப்பை நான் திறந்திருந்தேன். என் பெயர் அதில் இருந்திருக்க வேண்டும். இல்லை.

பிழையான ஒரு பதிவைக் கண்டால் நாங்கள் பதறுவோம். சுத்தமான பதிவைக் கண்டால் நிம்மதியடைவோம். அன்றிலிருந்து எனக்கு அது தலைகீழாகிவிட்டது. நான் இருந்த இடத்தில் நான் இல்லை என்று அந்தத் தாள் சொன்னது. எழுத்து எழுத்தாக வாசித்தேன். என்னை யாரோ அந்தக் காலையிலிருந்து துடைத்து எடுத்திருந்தார்கள்.

அடுத்தநாள் பொறுப்பாளரிடம் போய், கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நல்ல மனிதர். மெதுவாகத்தான் எதையும் நம்புவார்.

"தயாளனோ? இருக்காது. அந்தப் பெடியன் ஒரு பேனையைக்கூட வீட்டை கொண்டு போகாத ஆள்."

"சேர், லொக்கைத் துடைக்கக்கூடிய ஆக்கள் ரெண்டே பேர்தான்."

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. இரண்டு பேரில் மற்ற ஆள் யார் என்று அவர் கணக்குப் பார்த்து முடிப்பதைக் கண்முன்னே கண்டேன். இருபது வருடம் ஒன்றாக வேலை செய்தவர். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவருடைய இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் அப்படித்தான் பார்த்திருக்க வேண்டும்.

"முதல்லை என்ரை அனுமதியை நிப்பாட்டுங்கோ," என்றேன். "பிறகு தயாளன்ரை அனுமதியையும் நிப்பாட்டுங்கோ. வெளியிலை இருந்து ஒரு ஆளைக் கூப்பிட்டு எங்கள் ரெண்டு பேரையும் பாக்கச் சொல்லுங்கோ."

இதை உங்களுக்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சந்தேகம் வரும் நாளில் முதலில் உங்களையே பூட்டச் சொல்லுங்கள். மற்றவரைப் பூட்டச் சொல்லும் உரிமை அதற்குப் பிறகுதான் வரும். அன்று நான் செய்த சரியான காரியம் அது ஒன்றுதான்.

அவர் திங்கட்கிழமைவரை பொறுக்கச் சொன்னார். நான் வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு, படிவத்தையும் எடுத்துக்கொண்டு, அக்கராயன் பாதையால் ஸ்கூட்டியில் ஜெயபுரத்துக்குப் போனேன்.

போய்ச் சேர மூன்றரை மணி. நல்ல வெய்யில். காற்று ஒரு துளியும் இல்லை. முற்றம் முழுக்கக் கச்சான் காயப் போட்டிருந்தது. லெட்சுமியம்மா குளித்து, ஈரத் தலையோடு, தோய்த்த சேலை கட்டி நின்றார். வீட்டுக்கு ஆள் வரப்போவதுபோல முன்விறாந்தையைக் கூட்டியிருந்தார்.

அந்த வீட்டில் சிக்னல் ஓர் இடத்தில் மட்டும்தான் கிடைக்கும். முன்விறாந்தைத் தூணில் ஓர் ஆணி அடித்து, சொப்பிங் பையில் சின்ன போனைத் தொங்கவிட்டிருந்தார். அதற்கு முன்னால் இரண்டு கதிரைகள். ஒன்றில் அவர் இருந்தார். நான் மற்றதில் இருக்கப் போனேன்.

"அதிலை வேண்டாம் பிள்ளை. இதிலை இருங்கோ," என்று ஒரு பலகையைக் காட்டினார். அந்தக் கதிரையில் தூசி துடைத்து, ஒரு துவாய் மடித்து வைத்திருந்தது.

படிவத்தை நீட்டினேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டார், வாசிக்கவில்லை. கண் தெரியவில்லை என்றார். இரண்டு கண்ணிலும் வெண்படலம். ஒரு தகரப் பெட்டியிலிருந்து ஆஸ்பத்திரிக் கடிதத்தை எடுத்துக் காட்டினார். சத்திரசிகிச்சைக்கு வரச் சொல்லி இரண்டு தடவை நாள் கொடுத்திருந்தார்கள். இரண்டு தடவையும் போகவில்லை.

"ஏனம்மா போகேல்லை?"

"ரெண்டும் வெள்ளிக்கிழமை. அவன் போன் எடுக்கேக்கை நான் அங்கை கட்டிலிலை கிடந்தால்? எடுத்துப் பாத்திட்டு, அம்மா இல்லை எண்டு நினைச்சு இனி எடுக்காமல் விட்டிட்டான் எண்டால்?"

வீதியில் ஒரு வாகனமும் போகவில்லை. நாய் தூணடியில் படுத்திருந்தது. நான்கு மணிக்கு இரண்டு, மூன்று நிமிடம் இருக்கும்போது அது எழும்பி முற்றத்துக்கு இறங்கிப் போய், எங்களுக்குப் புறம் காட்டிப் படுத்தது.

போன் அடித்தது.

லெட்சுமியம்மா ஒரு கையால் போனை எடுத்து, மற்றக் கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். "கதைக்காதேங்கோ பிள்ளை. வேறை ஆள் நிக்குதெண்டு தெரிஞ்சால் வைச்சிடுவான்." காது மந்தம் என்பதால் சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தார். முதலில் மூச்சு மட்டும் கேட்டது.

"அம்மா."

அந்தக் குரலுக்குப் பத்தொன்பது, இருபது வயதுக்குமேல் இருக்காது. ரூபன் உயிரோடு இருந்தால் நாற்பதை நெருங்கியிருப்பான். அந்தக் குரல் வளரவில்லை. காணாமற்போன நாளிலேயே நின்றிருந்தது.

"சாப்பிட்டாச்சே அம்மா?"

"ஓம் ராசா. நீ?"

"ம்."

"கச்சான் புடுங்கியாச்சு. காயுது."

"மழை வரப்போகுதம்மா. அள்ளி வையுங்கோ."

அதன் பிறகு பேச்சில்லை. மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது. அந்த மௌனத்துக்குள்தான் எனக்கு அது கேட்டது. தூரத்தில், குரலுக்குப் பின்னால், "கீக், கீக், கீக்." ஓய்ந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் மூன்று தடவை.

மின்சாரம் நின்றால் சேர்வரைத் தாங்குவதற்கு எங்களிடம் ஒரு பற்றரிப் பெட்டி இருந்தது. அதன் பற்றரி பழுதாகி, மாற்றச் சொல்லி நான் மூன்று மாதமாக எழுதிக்கொண்டிருந்தேன். மாற்றும்வரை அரை நிமிடத்துக்கு ஒருதடவை, மூன்று மூன்றாக அது கத்திக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தோடு நான் ஒவ்வொரு நாளும் வேலை செய்தேன். நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் அதை எனக்குத் தெரியும்.

காணாமற்போன பிள்ளை எங்கள் சேர்வர் அறைக்குள் இருந்து கதைத்துக்கொண்டிருந்தான்.

போனைப் பறித்து "தயாளன்!" என்று கத்தியிருக்கலாம். வாய்வரை வந்தது. என் மணிக்கட்டைப் பிடித்திருந்த அந்தக் கை நடுங்காமல் இருந்தது. அந்தத் தாயின் முன்னால், அவருடைய பிள்ளையின் வாய்க்குள்ளிருந்து வேறொருவரின் பெயரை வெளியே இழுக்க எனக்குத் துணிவு வரவில்லை. அழைப்பு முடிந்ததும் கையெழுத்து வாங்காமலே விடைபெற்று, வீதிக்கு வந்து, சிக்னல் கிடைக்கும்வரை ஸ்கூட்டியை ஓட்டி, பொறுப்பாளருக்குப் போன் எடுத்தேன்.

"சேர், இப்பவே போய்ச் சேர்வர் அறைக் கதவைத் திறவுங்கோ."

அவர் போனார். அங்கே கண்டதைத் திங்கட்கிழமை எனக்குச் சொன்னார். "கதவுக்கு வெளியிலை நிண்டு கேட்டனான். உள்ளை ரெண்டு பேர் இருக்கினம் எண்டுதான் நினைச்சன். ஆரோ ஒரு பெடியன் தாயோடை கதைக்கிற சத்தம். முடியட்டும் எண்டு பாத்துக்கொண்டு நிண்டன். பிறகு இன்னொரு பெடியன்ரை குரல். அது வேறை குரல். கதவைத் திறந்தால் தயாளன் மட்டும்தான் இருக்கிறான். சுவரைப் பாத்துக்கொண்டு."

லெட்சுமியம்மா ஒருவர்தான் என்று நினைத்திருந்தேன். இல்லை. அந்த அறையில் வெள்ளிக்கிழமைகளில் பல பிள்ளைகள் கதைத்திருக்கிறார்கள்.

தயாளன் எதையும் மறுக்கவில்லை. திங்கட்கிழமை பொறுப்பாளரின் அறையில் என் முன்னால் இருந்தார். மெலிந்துபோனதுபோலத் தெரிந்தார்.

"அக்கா, நான் ஒண்டும் எடுக்கேல்லை. ஒருத்தரிட்டையும் ஒண்டும் வாங்கேல்லை."

"ஏன் தயாளன்?"

அப்போதுதான் சொன்னார். அவருடைய அண்ணனும் காணாமற்போனவர். அது எங்களுக்குத் தெரியாது. வேலைக்கு எடுக்கும்போது நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. தாய் கடைசிக் காலத்தில் சாப்பிட மறுத்துக் கிடந்திருக்கிறார். ஒருநாள் தயாளன் வீட்டு வளவுக்குப் பின்னால் போய் நின்று, வேறொரு போனிலிருந்து வீட்டுக்கு எடுத்து, அண்ணனைப்போல "அம்மா, சாப்பிட்டாச்சே?" என்று கேட்டிருக்கிறார். தாய் எழும்பிச் சாப்பிட்டிருக்கிறார். சாகும்வரை அப்படியே நடந்திருக்கிறது.

"அம்மா செத்தாப்பிறகு நிப்பாட்டிப்போட்டன். ஒரு வருசம் ஒண்டும் செய்யேல்லை. பிறகு இஞ்சை ஒரு அம்மா வந்து, சோறு இறங்குதில்லை எண்டு சொல்லி அழுதவா. அவான்ரை கோப்பு என்னட்டை இருந்தது. எல்லாம் அதிலை இருந்தது அக்கா. பேர், கூப்பிடுற விதம், எல்லாம். நான் ஒண்டும் யோசிக்கத் தேவையில்லாமல் இருந்தது."

"அந்தக் குரல்?"

"தெரியாது அக்கா." அவர் கையை விரித்துப் பார்த்தார். "கோப்பை வாசிச்சுக்கொண்டு இருப்பன். பிறகு அந்தப் பிள்ளையள் கதைப்பினம். நான் கேட்டுக்கொண்டு இருக்கிற மாதிரித்தான் இருக்கும். கடைசியிலை ஆர் கதைக்கிறது எண்டு எனக்கே விளங்கேல்லை."

பொறுப்பாளர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"லொக்கைத் துடைச்சது பிழை," என்றார் தயாளன். "நீங்கள் கேட்டவுடனை சொல்லியிருக்கலாம். என்ரை பேரை எடுக்கேக்கை அந்தக் கோப்பிலை இருந்த எல்லாத்தையும் எடுத்துப்போட்டன். உங்கடை பேரும் அதோடை போட்டுது."

கொழும்பிலிருந்து ஒருவர் வந்து ஒரு கிழமை இருந்து எல்லாவற்றையும் பார்த்தார். அவருடைய அறிக்கையில் ஒரு வரி என்னைப் பற்றியது. துடைத்த வேலையில் பாதி என் பெயரால் நடந்திருந்தது. ஒருமுறை டெங்குக் காய்ச்சலில் கிடந்தபோது அவசரத்துக்கு என்று என் கடவுச்சொல்லைத் தயாளனுக்குச் சொல்லியிருந்தேன். எழும்பி வந்தபிறகு அதை மாற்றவில்லை. மாற்றினால் அவர் மனம் நோகும் என்று நினைத்தேன். அந்த வரியின் கீழ் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன்.

இதை நீங்கள் நன்றாக யோசிக்க வேண்டும். தயாளனைக் கெட்டவர் என்று நான் இன்றுவரை நினைக்கவில்லை. நல்லவர் என்பதாலேயே அவரை யாரும் பார்க்கவில்லை. இத்தனை தாய்மாரின் துக்கத்தை ஒரு தனி அறையில், கதவைச் சாத்தி, அவரிடம் கொடுத்துவிட்டு நான் பஸ் பிடிக்கப் போனேன். அவர் செய்வதை இன்னொருவர் பார்க்கும்படி வைத்திருந்தால், முதலாவது வெள்ளிக்கிழமையே யாராவது அவர் தோளில் கை வைத்திருப்பார்கள். ஒரு நிர்வாகியின் வேலையை இன்னொருவர் பார்க்க வேண்டும் என்று நாங்கள் விதி எழுதுவது கோப்புகளுக்காக மட்டும் என்று நினைத்திருந்தேன். அந்தக் கதிரையில் இருக்கிற மனிதருக்காகவும்தான்.

பிறகு குடும்பங்களுக்கு என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. சொல்லாமல் விடுவோம், அழைப்பு நின்றால் தாங்களாக மறந்துவிடுவார்கள் என்று சிலர் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. சொல்லாமல் நிறுத்தினால் அந்தப் பிள்ளைகள் இன்னொருதடவை காணாமற்போவார்கள், அதைச் செய்தவர்கள் நாங்களாக இருப்போம் என்றேன். வீடு வீடாகப் போய்ச் சொல்வது என்று முடிவாயிற்று. தயாளன் தானும் வருகிறேன், தானே சொல்கிறேன் என்று கேட்டார். சட்டச் சிக்கல் வரும் என்று ஆலோசனை சொன்னார்கள். நாங்கள் வேண்டாம் என்றோம். தலைமையகத்துக்கு அறிக்கை போனது, பொலிஸில் முறைப்பாடும் பதிவானது. வேலையிலிருந்து அவரை நிறுத்தினார்கள். குடும்பங்களில் ஒருவரும் அவருக்கு எதிராகச் சாட்சி சொல்ல வரவில்லை.

ஜெயபுரத்துக்கு நான் போனேன். லெட்சுமியம்மா கடைசிவரை கேட்டார். நான் முடித்ததும் எழும்பி, ஆணியிலிருந்த பையைக் கழற்றி, போனை எடுத்து என் மடியில் வைத்தார்.

"கொண்டு போங்கோ."

"அம்மா..."

"என்ரை பிள்ளையை உங்களிட்டைத் தந்தனான். தழும்பு, பேர், எல்லாம் தந்தனான். தேடித் தாங்கோ எண்டு தந்தனான். நீங்கள் அவனை ரெண்டாந்தரமும் துலைச்சுப்போட்டியள்."

போனை விறாந்தைக் கட்டின்மேல் வைத்துவிட்டு வந்தேன். ரூபனின் கோப்பு மூடப்படவில்லை. அதில் வலது என்றிருந்த காலை இடது என்று சரிசெய்துவிட்டு, அடுத்த மாதம் ஓய்வுபெற்றேன்.

ஆஸ்பத்திரியில் லெட்சுமியம்மாவுக்கு மூன்றாவது தடவை நாள் கொடுத்தபோது எனக்குச் சொல்லி அனுப்பினார். ஏன் என்னை என்று தெரியவில்லை. கூட்டிக்கொண்டு போவதற்கு வேறு ஆள் இல்லாமல் இருந்திருக்கலாம். சத்திரசிகிச்சை முடிந்து, ஒரு கண்ணைக் கட்டியபடி, முச்சக்கரவண்டியில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தோம். பரந்தன் தாண்டியதும் அவர் கேட்டார்.

"என்னோடை கதைச்ச அந்தப் பிள்ளைக்கு என்ன பேர்?"

சொன்னேன்.

"தாய் இல்லையோ?"

"இல்லையம்மா. செத்துப்போனா."

கட்டாத கண்ணால் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். வயல் ஓடிக்கொண்டிருந்தது. "அவன் ஏன் என்ரை பிள்ளையாய் வந்தவன்? தன்ரை பேரைச் சொல்லி, அம்மா சாப்பிட்டாச்சே எண்டு கேட்டிருந்தால், நான் ஓம் எண்டு சொல்லியிருக்க மாட்டனோ?"

தயாளன் இப்போது துணுக்காயில் ஒரு நெல் ஆலையில் வேலை செய்கிறார். நான் போய், அந்தத் தாய் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல், குறைக்காமல் சொன்னேன். உமி பறக்கும் முற்றத்தில் நின்று கேட்டார். "ஓம் அக்கா," என்றார், அவ்வளவுதான். லெட்சுமியம்மாவின் போன் இலக்கம் அவருக்கு மனப்பாடம்.

அதற்குப் பிறகு தயாளன் அவருக்குப் போன் எடுத்தாரா என்று எனக்குத் தெரியாது. லெட்சுமியம்மாவை நான் சில தடவைகள் சந்தித்திருக்கிறேன். கேட்டிருக்கலாம். அது இனி நான் பார்க்க வேண்டியதல்ல.